நாளைக்கு அவதி, மற்ற நாள் வாங்க

என் பெரியப்பாவுக்குப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் 60 சென்ட் நிலம் இருக்கிறது. அம்மா வழியில் வந்தது. அவர் குடியிருப்பதோ பொள்ளாச்சிக்குப் பக்கம். பத்திரம் அவர் பெயருக்குப் பதிந்து வருடக்கணக்காகியும் வரி ரசீது மட்டும் பழைய பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. ஒருநாள், இதை மாற்றியே தீருவது என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வில்லேஜ் ஆபீஸுக்குப் போனார். "துணைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டேன். "மலையாளம் என்ன சீமைப் பாசையா? பாதிக்கு மேல நம்ம பேச்சுத்தானே" என்றார்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் முதலில் கேட்டது, "ஆதாரம் கொண்டுவந்நோ?"

பெரியப்பா ஆதார் அட்டையை நீட்டினார். அவர் தலையை ஆட்டி, "இதல்ல, ஆதாரம், ஆதாரம்" என்றார். ஆதாரம் என்றால் சான்று, அதாவது இந்த ஒரு அட்டை போதவில்லை போலிருக்கிறது என்று ரேஷன் கார்டு, ஓட்டர் அட்டை, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். அந்த மனிதர் கேட்டது இவை எதையும் அல்ல. மலையாளத்தில் நிலத்துக்கான கிரயப் பத்திரத்துக்குப் பெயர்தான் ஆதாரம். பத்திரம் எழுதுகிறவர் அங்கே ஆதாரம் எழுத்துகாரர். நாம் 'பத்திரம்' என்று சொன்னால் அவர்கள் காதில் 'பத்ரம்' என்று விழும், அது செய்தித்தாள்.

அடுத்த கேள்வி: "போக்குவரவு செய்திட்டுண்டோ?"

"பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் சரியா இல்லீங்க. மொபெட்லதான் வந்தேன்."

நிலத்தின் பெயர் மாற்றத்தை, நாம் பட்டா மாறுதல் என்று சொல்வதை, கேரள வருவாய்த்துறை போக்குவரவு என்று சொல்கிறது. ஒருவர் பெயரிலிருந்து போய் இன்னொருவர் பெயருக்கு வருவது. யோசித்துப் பார்த்தால் அழகான சொல். ஆனால் வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டிருக்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

கடைசியில் அவர், "நாளெ அவதியாணு, மற்றந்நாள் வந்நோளூ" என்று சொல்லி அனுப்பினார். பெரியப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது: "நல்ல மனுசன்ப்பா. நாளைக்கு அவதி, மற்ற நாள்ல வாங்கன்னு அக்கறையாச் சொன்னாரு." கூட்டமாக இருக்கும், அலைக்கழிய வேண்டாம் என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டார். தென்னைக்கு உரம் வைக்கிற வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒன்பது நாள் கழித்துப் போனார். அவதி என்றால் அங்கே விடுமுறை. மற்றந்நாள் என்றால் நாளை மறுநாள். அந்த ஊழியர் சொன்ன தேதியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். ஆள் வரவில்லை. ஒன்பதாம் நாள் இவர் சாவகாசமாக வந்து நின்றதும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "முதல்ல நல்லாப் பேசுன ஆளு, இப்ப வெடுக்குனு பேசறாரு. மலையாளத்தானுக்கு நம்மளக் கண்டா ஆகாது" என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் அந்த ஊழியரும் வீட்டில் போய், தமிழர்களின் பொறுப்பைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

இருவருமே பொய் சொல்லவில்லை, அலட்சியமாகவும் இல்லை. ஒரு சொல் தவறாக விழுந்தது. அது விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்கவில்லை. பிறகு அந்தக் குற்றத்தைச் சொல்லின் மேல் போடாமல் ஆளின் குணத்தின் மேல் போட்டார்கள், அங்கிருந்து இனத்தின் மேல். பண்பாடுகளுக்கு இடையிலான பேச்சு எங்கே முறிகிறது என்று கேட்டால் நான் இந்த 60 சென்ட்டைத்தான் காட்டுவேன். முற்றிலும் தெரியாத மொழியிடம் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம். பெரியப்பா கல்கத்தாவுக்குப் போயிருந்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று, கையைக் காட்டி, இரண்டு முறை கேட்டிருப்பார். பாதி தெரிந்த மொழியில்தான் கேட்கத் தோன்றுவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் இப்படிப்பட்ட சொற்களை ஃபால்ஸ் ஃப்ரெண்ட்ஸ், போலி நண்பர்கள், என்பார்கள். 1928ல் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே இருக்கும் இத்தகைய சொற்களைத் தொகுத்தபோது சூட்டிய பெயர் அது. அவர்களுக்காவது நடுவே ஒரு கடல் இருந்தது. நமக்கும் மலையாளிகளுக்கும் நடுவே வாளையாறு செக்போஸ்ட்டும் கோபாலபுரம் ரோடும்தான். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டிருப்பதால் காற்று, மழைச்சாரல், மாட்டு வண்டி, கல்யாண சம்பந்தம் எல்லாம் காலகாலமாக இந்த வழியாகவே போய்வந்திருக்கின்றன. அரசியல் எல்லை அவ்வளவு பழையதல்ல. சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. சுற்றியிருந்த பாலக்காட்டுப் பகுதி மலபார் மாவட்டமாக, கோயமுத்தூரைப் போலவே மதராஸ் மாகாணத்துக்குள் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலம் பிரிந்த பிறகுதான் இந்தக் கோடு இப்போதைய கோடாக ஆனது. கோடு போட்டவர்கள் மொழியைப் பார்த்துப் போட்டார்கள். ஆனால் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் வந்து நின்றால் மொழி அந்தக் கோட்டை மதித்ததாகத் தெரியாது. டீக்கடையில் ஒரே வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். தெற்கே இதன் மறுபக்கம்: அதே நாளில் தமிழ்நாட்டோடு சேர்ந்த விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் திருவிதாங்கூர் காலத்துப் பழைய நில ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன, கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கோடு. அங்கே முழிப்பது மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ்ப் பேரன்.

சொற்கள் ஏன் இப்படித் திரிந்தன? ஒரு பாதி, ஒரே வேரிலிருந்து கிளைத்து ஆயிரம் வருடமாகத் தனித்தனியே வளர்ந்த சொற்கள். இன்னொரு பாதி, இரண்டு மொழிகளும் வடமொழியிலிருந்து தனித்தனியாகக் கடன் வாங்கியவை. கடன் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர்கள் செலவழித்த விதம் வேறு. 'அவதி' என்றால் மூலத்தில் எல்லை, கெடு. கெடுவிலிருந்து விடுப்புக்குப் போனது மலையாளம். நாம் துன்பத்துக்குப் போனோம். 'சம்சாரம்' வடமொழியில் பிறவிச் சுழல், தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. "ஞான் அவரோடு சம்சாரிச்சு" என்று ஒரு மலையாளி சொன்னால் பேசினேன் என்றுதான் பொருள், பதற வேண்டாம்.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'அவசரம்'. தமிழில் அது வேகம், நெருக்கடி. மலையாளத்தில் வாய்ப்பு. "ஒரு அவசரம் தரணும்" என்று அங்கே வேலை கேட்டு வரும் பையன் உங்களை விரட்டவில்லை, ஒரு சான்ஸ் கேட்கிறான். தெலுங்கில் அதே சொல் தேவை. தமிழ்நாட்டின் மேற்கு எல்லையில் ஒரு சித்தூர் இருப்பதுபோல வடக்கு எல்லையிலும் ஒரு சித்தூர் உண்டு. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி நம்மிடம் வந்தபோது அந்தச் சித்தூர் மாவட்டத்திலிருந்துதான் வந்தது. அந்தப் பக்கம் நகரியில் ஒரு துணிக்கடையில் வாடிக்கையாளர் "அவசரம் லேது" என்றால் எனக்குத் தேவையில்லை என்று அர்த்தம். தமிழ் வியாபாரி, 'அவசரமில்லை, நிதானமாகக் காட்டுங்கள்' என்று புரிந்துகொண்டு இன்னும் பத்துப் புடவையை விரிப்பார்.

இதெல்லாம் சிரிப்பதற்குரியவை. ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை.

எங்கள் எதிர்வீட்டு அம்மிச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். சர்க்கரை உண்டு. மகள் வீட்டோடு கேரளத்துக்குள் குடிவந்து நாலைந்து வருடம்தான். ஒருமுறை காய்ச்சலென்று இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். காலையில் மகள் டீ வாங்கப் போயிருந்த நேரம், நான் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில். நர்ஸ் வந்தார். சின்னப் பெண், தங்கமான பெண். "அம்மே, பனியுண்டோ?" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அம்மிச்சி ஜன்னலைப் பார்த்துவிட்டு, "பனியெல்லாம் மார்கழியோட போச்சும்மா" என்றார். நர்ஸுக்குக் கேட்டது 'போச்சு' மட்டும். காய்ச்சல் போய்விட்டது என்று எழுதிக்கொண்டார். அடுத்து, "மருந்நு கழிச்சோ?"

அம்மிச்சி முகம் சிவந்துவிட்டது. ஓர் ஆண்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? "அதெல்லாம் இல்லீம்மா, வயிறு நல்லாத்தான் இருக்குது" என்றார் மெதுவாக. நர்ஸ் கேட்டது மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று. 'இல்லை' என்ற பதில் கிடைத்ததும் காலைச் சர்க்கரை மாத்திரையை மறுபடியும் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அதை அம்மிச்சி அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் விழுங்கியிருந்தார். நான் இருந்ததால் போயிற்று.

கழி என்ற வேருக்கு இரண்டு மொழியிலும் முதலில் ஒரே பொருள்தான்: கடப்பது, தீர்வது. பொழுதைக் கழிக்கிறோம், கணக்கில் கழிக்கிறோம். மலையாளம் அதைச் 'செய்து முடிப்பது' என்ற பக்கம் கொண்டுபோயிற்று. அதனால் சாப்பிடுவதும் கழிப்பது, கல்யாணம் செய்துகொள்வதும் கழிப்பது. நாம் 'வெளியே தள்ளுவது' என்ற பக்கம் போனோம். சாப்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான சொல், நம் காதில் கக்கூஸ் வாசலில் நிற்கிறது. அவர்களுக்கும் இதே கதிதான். ஊர்ப்பெயரைக் கேட்டால் நாம் பெருமையாக ஏதோ ஒரு 'பட்டி' என்று சொல்வோம்; மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மனிதக் குழந்தையை அவர்கள் குட்டி என்பார்கள். நமக்குக் குட்டி என்றால் ஆட்டுக்கு, பூனைக்கு.

அன்று மத்தியானம் இன்னொன்றும் நடந்தது. அம்மிச்சி, "மயக்கமா வருதும்மா" என்றார். நர்ஸ் தலையணையைச் சரிசெய்து, "உறங்ஙிக்கோளூ அம்மே" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலையாளத்தில் மயக்கம் என்றால் கண் சொக்குவது. உச்சமயக்கம் என்றால் பகல் தூக்கம். சர்க்கரை உள்ள ஒருவர் தலை சுற்றுகிறது என்று சொல்வதும், தூக்கம் வருகிறது என்று சொல்வதும் மருத்துவத்தில் ஒன்றல்ல.

இங்கே சொல் மட்டும் காலை வாரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மிச்சி அந்த நர்ஸ் கேட்ட வேறு பத்துக் கேள்விக்கும் "ஆமாங்கம்மா, சரிங்கம்மா" என்றுதான் பதில் சொன்னார். கொங்குப் பக்கத்தில் அந்தச் 'சரிங்க'வுக்கு ஒப்புதல் என்று பொருளில்லை, 'நீங்கள் பேசுவது என் காதில் விழுகிறது' என்று பொருள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் 'புரியவில்லை' என்று சொல்வது அவர் தலைமுறைக்கு மரியாதைக் குறைவு. நர்ஸின் பேரேட்டில் அது பத்து 'ஆம்'. மொழிபெயர்த்துக் கொடுக்க ஆள் வைத்தால்கூட இந்த 'சரிங்க'வை மொழிபெயர்ப்பது சுலபமில்லை.

1976ல் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உலகத்துப் பண்பாடுகளை ஒரு கோட்டில் நிறுத்திப் பார்த்தார். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் ஒரு முனையில். சொல்லாமலே சூழலிலிருந்து புரிந்துகொள்ள விடுகிறவர்கள் மறு முனையில். இன்றைக்கும் கம்பெனிகளில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இதுதான் பாடம். நம்மைப் போன்றவர்களை ஒட்டுமொத்தமாக இரண்டாவது முனையில் உட்கார வைத்துவிடுவார்கள். அமெரிக்கரோடு வேலை செய்யும் பெங்களூர்ப் பையனுக்கு இது உதவலாம். எல்லையில் உதவாது. நாமும் சொல்லாமல் விடுகிறவர்கள், மலையாளிகளும் சொல்லாமல் விடுகிறவர்கள். ஆனால் விடுவது வேறு வேறு இடத்தில். அந்த இடம் எது என்றுதான் தெரிய வேண்டும், அதை எந்த வரைபடமும் சொல்வதில்லை.

மரியாதையை எடுத்துக்கொள்வோம். தமிழில் மரியாதை வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. வந்தான், வந்தார், வந்தாங்க. விகுதியை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பற்றிப் பேசவே முடியாது. மலையாளம் அந்த விகுதிகளை எப்போதோ உதறிவிட்டது. நான் வந்தாலும், நாய் வந்தாலும், முதலமைச்சர் வந்தாலும் 'வந்நு' தான். அதனால் ஒரு மலையாளி தமிழ் பேசத் தொடங்கும்போது முதலில் வழுக்குவது இங்கேதான். என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பர், நல்ல மனிதர், என் அப்பாவைப் பற்றி என்னிடமே "அப்பா எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். அவர் மனதில் துளி அவமரியாதை இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது. வினையில் மரியாதை வைத்துப் பழகாதவருக்கு அந்த இடம் காலியாக இருப்பதே தெரியாது.

அப்படியானால் அவர்கள் மரியாதையை எங்கே வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் அழைக்கும் சொல்லில். இங்கே நாம் வழுக்குகிறோம். தமிழில் 'நீங்கள்' என்று சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. அதையே மலையாளமாக்கி ஒரு பெரியவரிடம் "நிங்ஙள் எப்போள் வந்நு?" என்று கேட்டுப் பாருங்கள். தெற்கிலும் நடுக் கேரளத்திலும் அவர் முகம் இறுகும். அது இலக்கணப்படி மரியாதைப் பன்மைதான். ஆனால் பேச்சில், வயதில் மூத்தவரை நேருக்கு நேர் நின்று விரலை நீட்டிக் கேட்பதுபோல விழும். மலபார்ப் பக்கம் அவ்வளவு உறுத்தாது. "சேட்டன் எப்போள் வந்நு?", "சார் எப்போள் வந்நு?" என்று உறவுப் பெயரையோ பதவியையோ வைத்துச் சுற்றிக் கேட்பதுதான் அங்கே பாதுகாப்பு. 1960ல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளின் 'நீ', 'நீங்கள்' பற்றி எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம்: அதிகாரத்துக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்று. 'நீங்கள்' இருந்தும் அதைச் சொல்லக் கூசுகிற ஒரு மொழியை அந்த இரண்டு பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் 'அண்ணாச்சி' என்றால் எவ்வளவு கனமான சொல் என்று நமக்குத் தெரியும். கடை முதலாளி அண்ணாச்சி, ஊர்ப் பெரியவர் அண்ணாச்சி. அந்தச் சொல் மலை தாண்டிப் போனதும் கேரளத்தில் பாத்திரம் விற்கிறவருக்கும் கூலி வேலைக்கு வருகிறவருக்கும் வைக்கும் பட்டப்பெயராகிவிட்டது. 'பாண்டி' என்பதும் அப்படித்தான். போன தலைமுறையில் வேலைக்கு வந்த தமிழர்கள் ஒருவரையொருவர் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டதைக் கேட்டு, அதையே அவர்களுக்குப் பெயராக வைத்தார்கள் போலிருக்கிறது. நம்மூர் மட்டும் யோக்கியமா? அங்கே 'சேச்சி' என்றால் வெறும் அக்கா. பஸ்ஸில் இடம் விடச் சொல்ல, காய் வாங்க, யாரும் யாரையும் கூப்பிடுகிற சொல். நம் தெருவிலும் சினிமாவிலும் அதை எந்த இளிப்போடு சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டுக்குப் படிக்க வரும் மலையாளிப் பெண்கள் அந்தச் சொல்லைக் கேட்டு விலகிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். பொருள் தெரியாமல் நடக்கும் பிழை ஒரு வகை. இது அப்படியல்ல, பொருள் தெரிந்தே கெடுத்தது.

தொனியைப் பற்றிக் கொஞ்சம். பிரிட்டனில் ஒரு விமான நிலைய கேன்டீனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று புகார் வந்தது. ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் போய்க் கவனித்தார். சாப்பாட்டின் மேல் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க பிரிட்டிஷ்காரர்கள் 'கிரேவி?' என்று குரலை உயர்த்தி முடிப்பார்கள். இந்தப் பெண்கள் 'கிரேவி' என்று குரலை இறக்கி முடித்தார்கள், நம்மூரில் பரிமாறும்போது சொல்வது மாதிரி. கேட்டவர்களுக்கு அது, 'இதுதான் குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று விழுந்தது. ஒரே சொல், குரல் போன திசைதான் வேறு. 1982ல் அவர் எழுதிய இந்த உதாரணத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் சந்தைதான் நினைவுக்கு வந்தது. கொங்குக்காரர் இழுத்து இழுத்துப் பேசுவது மலையாளிக்கு, விருப்பமில்லாமல் பேசுவதுபோல இருக்கும். மலையாளி கடகடவென்று பேசுவது நமக்குச் சண்டை பிடிப்பதுபோல இருக்கும். விலையில் தகராறே இல்லாமல், வெறும் வேகத்தில் தகராறு வந்த வியாபாரங்கள் உண்டு.

உறவுமுறைக்கு வந்தால் ஆழம் இன்னும் கூடுகிறது. கொங்குப் பக்கம் கட்டிக்கொண்டவனை மாமா என்றும் மச்சான் என்றும் கூப்பிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். என் மனைவி என்னை அப்படிக் கூப்பிட்டதை முதல்முறை கேட்ட பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பழகியதும் கேட்டேவிட்டார்: "நிஜமாவே அம்மாவனையாணோ கல்யாணம் கழிச்சது?" தாய்மாமனையா கட்டிக்கொண்டாய் என்று. இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி. தமிழ்நாட்டில் அக்கா மகளைக் கட்டுவது உண்டு என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை செரிக்கவில்லை. கேரளத்தில் முறைப்பெண், முறைச்செறுக்கன் என்று அத்தை, மாமன் மக்களைக் கட்டுவது இருந்தது. ஆனால் தாய்மாமனே மாப்பிள்ளையாவது கிடையாது.

பக்கத்து வீட்டில் இப்படி, இங்கே அப்படி என்றால் அதற்குப் பின்னால் வீடுகளே வேறு மாதிரி கட்டப்பட்டிருந்தன. மருமக்கத்தாயக் குடும்பங்களில் சொத்து தாய் வழியில் போயிற்று, வீட்டை ஆண்டது தாயின் அண்ணன், காரணவர். அக்கா பிள்ளைகளுக்கு அவர்தான் அப்பா ஸ்தானம். அந்தக் கூட்டுக்குடும்பச் சட்ட அமைப்பைக் கேரள அரசு 1975ல் ஒரு சட்டம் போட்டு முடித்துவைத்தது. ஆனால் உறவுச் சொல்லில் ஏறிய உணர்வைச் சட்டமா இறக்கும்? அப்பா ஸ்தானத்தில் இருப்பவரைக் கட்டுவதா என்று அந்த அக்கா பதறியதில் நியாயம் உண்டு. நம் பக்கம் தாய்மாமன் காது குத்த மடியில் உட்காரவைப்பார், சீர் கொண்டுவருவார், முறைமாப்பிள்ளையாகவும் இருப்பார். 'மாமா' என்ற இரண்டெழுத்தை அகராதியில் பார்த்தால் இதில் ஒன்றும் கிடைக்காது.

பெண் பார்க்கும் பேச்சிலும் இதே கதைதான். அவர்கள் 'ஆலோசன' என்றால் வரன், நாம் ஆலோசனை என்றால் யோசனை கேட்பது. "எங்களுக்கு விரோதமில்லா" என்று பெண்ணின் அப்பா சொன்னால் ஆட்சேபணை இல்லை, சம்மதம் என்று அர்த்தம். தமிழ் மாப்பிள்ளை வீட்டில், 'யாருங்க இப்ப விரோதம்னு சொன்னா?' என்று ஒரு சித்தப்பா எழுந்திருப்பார்.

சாப்பாடு பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே இரண்டு வரி. அங்கே கறி என்றால் குழம்பு, கூட்டு எதுவும். நம் பக்கம் கறி என்றால் பெரும்பாலும் ஆடு. சைவக்காரர் 'கறி வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வெறும் சோற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தண்ணீருக்கு அவர்கள் சொல்வது வெள்ளம். அது இளஞ்சிவப்பாக, சூடாக வரும். பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்தது. முதல்முறை பார்க்கும் தமிழருக்குக் குடிப்பதா கை கழுவுவதா என்று தெரியாது. நமக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. அதற்கு அவர்கள் சொல்வது வெள்ளப்பொக்கம். ஒன்று மட்டும் அச்சு அசலாக ஒத்துப்போகும். இங்கே குடிகாரர் தண்ணி அடிக்கிறார், அங்கே வெள்ளமடிக்கிறார்.

இத்தனை குழிகள் இருந்தும் எல்லையில் வாழ்க்கை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி? கவனித்தால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் தெரியும். முக்கியமான இடத்தில் ஒரே சொல்லை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் போட்டுவிடுவார்கள். "பனி, காய்ச்சல் உண்டா?" "நாளைக்கு அவதி, லீவு." "ஆதாரம், பத்திரம் எடுத்துக்கிட்டு வாங்க." யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கள் பஸ் கண்டக்டர் ஒருவர் நாள் முழுக்க இப்படியே பேசுவார். வெளியூர்க்காரர்களுக்கு வளவளவென்று இருக்கும். தெரிந்தவர்களுக்கு, ஒவ்வொரு இரட்டைச் சொல்லுக்குப் பின்னாலும் எப்போதோ நடந்த ஒரு குளறுபடி இருக்கிறது என்று தெரியும். இதைச் செய்யாதவர்கள் இரண்டு வகை: மலையாளம் தமிழிலிருந்து போனதுதானே, தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கும் தமிழர், இத்தனை தமிழ்ப் படம் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாத தமிழா என்று நினைக்கும் மலையாளி. முதலாவது நினைப்புக்குக் கால்டுவெல் 1856லேயே துணை நின்றார்; மலையாளத்தைத் தமிழின் கிளையாகவே அவர் எழுதினார். மலையாளிகளுக்கு அந்தப் பேச்சு இன்றும் கசக்கும். நம்மாட்கள் அதை அவர்கள் வீட்டு விருந்திலேயே உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள்.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு. 1956ல் சேர்த்த 350ஏ, மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. பெரியப்பா தமிழிலேயே மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் 'பட்டா மாறுதல்' என்று அவர் எழுதியிருந்தால், பட்டயம் கேட்கிறார் என்று அங்கே யாராவது நினைத்திருக்கக்கூடும். பட்டயம் என்றால் கேரளத்தில் அரசு நிலத்தை ஒருவருக்குப் பதித்துக் கொடுப்பது. தமிழில் அது பாலிடெக்னிக் படிப்பு.

அடுத்தமுறை நான் கூடப் போனேன். அந்த ஊழியரிடம், அவதி, மற்ற நாள் கதையைச் சொன்னேன். ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். பதிவேட்டை மறுபடி எடுத்தார். கொஞ்ச நாளில் பெரியப்பா பெயரில் கரம் ரசீது வந்தது. அவருக்கு மலையாள எழுத்து படிக்கத் தெரியாது என்பதால் பின்பக்கம் தமிழில் எழுதித் தரச் சொன்னார்: கரம் என்றால் வரி, ஆதாரம் என்றால் பத்திரம், போக்குவரவு என்றால் பட்டா மாறுதல்.

ரசீது வாங்கிக் கிளம்பும்போது அந்த ஊழியர் எழுந்து வந்து பெரியப்பாவின் தோளைத் தட்டி, "இனி விஷமிக்கண்டா கேட்டோ" என்றார். இனிமேல் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். பெரியப்பாவும் கும்பிட்டுவிட்டு வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்:

"ஏப்பா, அப்படி நான் என்ன விஷமம் பண்ணிப்போட்டேன்?"